ஓய்வுபெற்ற முதல் நாள்: உங்களுக்கு எப்படி விடிந்தது?

தலவாக்கலை டீச்சர் | திங்கள், காலை 9.40

வெள்ளிக்கிழமையோடு எனக்கு 60 நிறைந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், இடைவேளைக்கு பற்றிஸும் கேக்கும் கொடுத்தார்கள். சனி, ஞாயிறு வழக்கம்போலப் போய்விட்டன. அதனால் இன்றுதான் என் ஓய்வின் முதல் நாள்.

நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. அலாரம் வைக்கவில்லை. எழுந்து அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் துடைத்து இரண்டு ரொட்டியை உள்ளே வைத்து மூடியும் போட்டுவிட்டேன். அப்புறம்தான் யாருக்கு இந்தப் பெட்டி என்று தோன்றியது. மூடியைத் திறக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பாடசாலை மணி கேட்கும். ஏழரைக்கு மணி அடித்ததும் வரவுப் பதிவேட்டில் அதிபர் சிவப்புக் கோடு இழுப்பார். ஆசிரியர்களுக்கு அந்தக் கோடு என்ன என்று தெரியும்: அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் தாமதம். 36 வருடத்தில் கோட்டுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டது நான்கே தடவை. மூன்று தடவை மண் சரிந்து பாதை அடைபட்டது, ஒரு தடவை மகனுக்குக் காய்ச்சல். இன்று மணி கேட்டபோது என்னையறியாமல் கையில் பேனா இருக்கிறதா என்று பார்த்தேன். தரம் 11க்கு முதல் பாடம் கணிதம். என் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். 83 வயது. சிறு பிள்ளையாகவே தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்து கொழுந்தெடுத்தவர். வெயில் படும் இடத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, "அம்மா, நீ வேல விட்ட மொத நாளு என்னா செஞ்ச?" என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எந்த நாளு? சேவகாலக் காசு வாங்குனேனே அந்த நாளா? மறுநாளு மலைக்குத்தான் போனேன்" என்றார்.

அது 1992. தோட்டங்கள் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போன அதே வருடம். பேரை வெட்டிக்கொண்டு, வேலையை விடும்போது தரும் அந்தச் சேவகாலக் காசை வாங்கிய கையோடு அடுத்த நாள் கைக்காசுக்கு, அதாவது பேரில்லாமல் அன்றன்றைய கூலிக்கு, கொழுந்தெடுக்கப் போயிருக்கிறார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். எனக்கு இது தெரியும், ஆனால் இப்படி யோசித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் ஓய்வின் முதல் நாள் என்று ஒன்று வந்த முதல் ஆள் நான்தான். அந்த நாளில் என்ன செய்வது என்று சொல்லித் தர எனக்கு முன்னால் யாரும் இல்லை.

உங்களுக்கு எப்படி இருந்தது? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

பட்டிப்பொல மூடுபனி | திங்கள், பகல் 12.15

டீச்சர், நான் ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. முதல் நாள் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளம். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்கு டேப்ளட் முறை. பக்கத்து நிலையத்தோடு மணியில் பேசி, அவர் சம்மதித்தால்தான் நம் பெட்டியிலிருந்து டேப்ளட் வெளியே வரும். ஒன்று வெளியே வந்தால் அது திரும்பிப் பெட்டிக்குள் போகும் வரை இன்னொன்று வராது. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய கம்பி வளையத்தில் மாட்டி, ஓடும் ரயிலின் டிரைவரிடம் நீட்ட வேண்டும். அவர் பழைய வளையத்தை வீசிவிட்டு இதைக் கையில் மாட்டிக்கொண்டு போவார். பனியில் ரயில் தெரியாது, விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரியும். கையை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்பது தோளுக்குத் தெரியும்.

கடைசியாக வேலை பார்த்தது பட்டிப்பொலையில், 1898 மீற்றர் உயரத்தில். ஓய்வுபெற்ற மறுநாள் நானுஓயாவில் மகள் வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கீழே ரயில் ஊதியது. கோப்பை இடது கைக்கு மாறிவிட்டது, வலது கை தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். அவள் கண் கலங்கியதை நானும் பார்த்தேன்.

என் தாத்தா இதே பாதையில் தண்டவாளம் திருத்தும் கூட்டத்தில் இருந்தவர். நானுஓயாவுக்கு 1885இல் வந்த பாதை பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. தாத்தாவுக்கு ஓய்வு என்று ஒரு நாள் இருந்ததா என்று நானும் யோசித்ததில்லை. நீங்கள் கேட்ட பிறகு அதுவே மனசில் நிற்கிறது.

லயத்துப் பையன் | திங்கள், பிற்பகல் 2.05

டீச்சர், நான் உங்களிடம் படித்தவன். பெயர் சொன்னால் உடனே தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. சாதாரண தரத்தில் கணிதத்தில் 'சி' எடுத்தேன். நீங்கள் இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது. இன்று கொழும்பில் கணக்காளர் அலுவலகம் ஒன்றில் வேலை. அந்த ரொட்டியைச் சாப்பிட்டீர்களா?

தலவாக்கலை டீச்சர் | திங்கள், பிற்பகல் 2.30

சாப்பிட்டேன் மகன். இடைவேளை மணி அடித்த பிறகு.

கொட்டகலை மகள் | திங்கள், இரவு 8.50

மரியாதையோடு ஒன்று சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

டீச்சருக்கும் ஐயாவுக்கும் பென்சன் வரும். எத்தனையாம் திகதி எவ்வளவு கையில் கிடைக்கும் என்று தெரியும். என் அம்மாவுக்கு 58. இப்போதும் கொழுந்தெடுக்கிறார். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நனையாமலிருக்கச் சாக்கையும் படங்கையும் இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கும்போது பக்கவாட்டாகத்தான் இறங்குவார். போதும் விடுங்கம்மா என்று நான் சொன்னால், "வீட்டுல ஒரு பேராவது இருக்கணும்டி" என்கிறார். நாங்கள் இருக்கும் காம்பரா, அதாவது லயத்து வரிசை வீட்டில் ஓர் அறை, தோட்டத்துக்குச் சொந்தம். தம்பி கொழும்பில், நான் கடையில். தோட்டத்தில் வேலை செய்யும் ஆள் ஒருவரும் இல்லை என்றால் காம்பராவை என்ன செய்வார்கள் என்ற பயம் அம்மாவுக்கு உண்டு. யாரும் போகச் சொல்லவில்லை, ஆனால் இருக்கலாம் என்றும் யாரும் எழுதித் தரவில்லை.

2021இல் நாள் சம்பளம் 1000 ஆனது, 2024இல் 1350 ஆனது. ஒவ்வொரு தடவையும் அம்மா, "இன்னும் கொஞ்ச நாள் செஞ்சா சேவகாலக் காசு கூடும்" என்று தள்ளிப்போடுகிறார். கொழுந்தை நிறுக்கும் நிலுவைக்குப் போகும்போது கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். அரைப்பேர் விழுந்த நாள்களில் வீட்டுக்கு வந்து பேசவே மாட்டார்.

முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். எங்களுக்கு அந்த நாள் வருமா என்பதே கேள்வி. டீச்சர், உங்கள் அம்மா உண்மையிலேயே கடைசியாகக் கூடையை எப்போது கழற்றினார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஊவா டீமேக்கர் | செவ்வாய், அதிகாலை 2.20

நேரத்தைப் பார்த்தால் தெரியும், எனக்கு இன்னும் இதுதான் விடியற்காலை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், 31 வருடம்.

பகலில் வரும் கொழுந்தை வாட்டுத்தொட்டியில் பரப்பி, கீழிருந்து காற்று விடுவோம். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வாட வேண்டும். மழைநாள் கொழுந்தென்றால் இன்னும் கூடும். அதனால் வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் ஓட ஆரம்பிப்பது ஊர் தூங்கும்போதுதான். கொழுந்து வாடிவிட்டதா என்று பார்க்க மெஷின் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் கையால் பார்க்காமல் நான் ரோலரைப் போடவிட்டதில்லை. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பொத்த வேண்டும். கையைத் திறந்தால் உருண்டை அப்படியே நிற்க வேண்டும், பிறகு மெதுவாக, தூங்கி எழும் பிள்ளை கை விரிப்பதுபோல விரிய வேண்டும். காம்பு மடங்க வேண்டும், முறியக்கூடாது. முறிந்தால் இன்னும் பச்சை. அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தால் அதிகம் வாடிவிட்டது.

ஓய்வுபெற்ற பிறகு குவார்ட்டர்ஸை விட்டுப் பண்டாரவளைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். முதல் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். சத்தமில்லாததுதான் எழுப்பியது. 31 வருடமாக மின்விசிறிச் சத்தத்தில் தூங்கியவனுக்கு அமைதி கனமாக இருந்தது. காலையில் மனைவி வல்லாரைக் கட்டு வாங்கி வந்தாள். அவிழ்த்து ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, பாஸா?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு மணித்தியாலம் போகணும்" என்றேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். கல்யாணமானதிலிருந்து ஒரு காலைப் பொழுதை நாங்கள் அப்படிச் செலவழித்ததில்லை.

கொட்டகலைத் தங்கச்சி சொன்னது சரி. ஸ்டோரில் என்னோடு வேலை செய்த பெண்கள் பலர் இன்னும் தேயிலை சலிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் காலை கிடைக்கவில்லை.

வெலிமட தபால் | செவ்வாய், காலை 10.10

எனக்கு முதல் நாள் ஆயத்தமில்லாமல் வந்தது. அரச ஊழியர் 65 வரை வேலை செய்யலாம் என்று முதலில் அறிவித்தார்கள். சரி, சின்ன மகளின் படிப்பு முடியும் வரை ஓடிவிடும் என்று கணக்குப் போட்டு வீட்டுக்கு ஒரு கடனும் எடுத்தேன். பிறகு 2022இல் அதை மாற்றி மீண்டும் 60 ஆக்கினார்கள். 60ஐத் தாண்டியவர்கள் எல்லோரும் அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதியோடு போக வேண்டும். அப்போது எனக்கு 61.

2023 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை சட்டை போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை போனேன். பழக்கத்தில் போகவில்லை, தெரிந்தேதான் போனேன். வழக்கமான பஸ் வந்தது. கண்டக்டர் பையன் "ஏறுங்க சேர்" என்றான். "இன்னைக்கு இல்ல தம்பி" என்று அனுப்பிவிட்டு, அது வளைவு தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு முறை அதைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நல்ல வேளையாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த பஸ் என் மனசில் ஓடவில்லை.

பணிக்கொடை கைக்கு வரப் பல மாதம் ஆனது. கடன் தவணை மட்டும் நேரத்துக்கு வந்தது. பென்சன்காரர்கள் எல்லாம் கவலையில்லாமல் இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம் தங்கச்சி. ஆனால் உங்கள் அம்மாவின் நிலையோடு இதை ஒப்பிட மாட்டேன்.

படிவம் எழுதுகிறவன் | செவ்வாய், பிற்பகல் 4.45

ஹட்டனில் தோட்டத்து ஆள்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. கொட்டகலைத் தங்கச்சிக்காக எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

ஊழியர் சேமலாப நிதி தொழிலாளியின் சொந்தக் காசு. சட்டப்படி குறைந்தது தொழிலாளி 8 வீதம், நிர்வாகம் 12 வீதம் கட்ட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதி வேறு. அது நிர்வாகம் மட்டும் கட்டும் 3 வீதம். இரண்டையும் ஒன்று என்று நினைத்து நம்பிக்கை நிதியை விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேவகாலக் காசு 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி வருவது. ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். நாள் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். அம்மா 35 வருடம் செய்திருந்தால் 490 நாள். 2024இல் வந்த 1350 வீதத்தில் கணக்கிட்டால் 6,61,500 ரூபா. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர வேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிய சட்டம் 2021இல் வந்தது. தானாக விடுவது அம்மாவின் விருப்பம்.

இதெல்லாம் தாளில் சுலபம். எங்கள் ஆள்களுக்குக் கல்லாக நிற்பது பெயர். பிறப்புச் சான்றிதழில் பெயர் 'ஆயி' என்று முடியும், அடையாள அட்டையில் 'அம்மா' என்று முடியும், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இரண்டுமில்லாமல் கூப்பிடு பெயர் இருக்கும். ஒரு கிளார்க் காதில் விழுந்ததை எழுதினார், அடுத்தவர் அதைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதினார், மூன்றாமவர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றினார். ஒரே பெண் மூன்று பெண்ணாகிவிடுவார். முப்பது வருட உழைப்புக்குச் சொந்தக்காரி தான்தான் என்று அவரே நிரூபிக்க வேண்டும். போன மாதம் ஒரு அம்மா என் மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்தார். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை ஏறி, கீறல் கீறலாகக் கறுத்திருந்தது. "இதப் பாத்தா தெரியாதா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது. படிவத்தில் அதற்கு இடமில்லை.

அதனால் வேலையை விடும் முன்பே, இன்றைக்கே, பெயரைச் சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விட்ட பிறகு ஓடுவது கஷ்டம்.

பதுளை மருத்துவிச்சி | செவ்வாய், இரவு 9.30

தோட்டங்களில் 33 வருடம் குடும்பநல மாதுவாக ஏறி இறங்கியவள் நான். கொட்டகலை மகள், உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் போன அம்மாமார் பலரை நானே வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரத்தில் திரும்பவும் மலையில் நிற்பார்கள். காசு முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் லயத்தில் பகல் பத்து மணிக்கு யார் இருப்பார்கள்? பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளும் படுக்கையில் இருக்கும் கிழவரும்தான். பேச்சு, சண்டை, பாட்டு, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு வயிறு, எல்லாம் மலையில். ஒரு நிரையில் பக்கத்தில் நின்று இருபது வருடம் கொழுந்தெடுத்தவள் சொந்தத் தங்கையை விட நெருக்கம். வேலையிலிருந்து நிறுத்தினால் அந்த நிரையிலிருந்தும் நிறுத்துகிறோம்.

என் முதல் நாளில் நான் அழுதேன். குடையையும் பையையும் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, பிறகு அதைப் பார்த்து அழுதேன். மறுநாள் பழைய தோட்டத்துக்கே போய் ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். நான் பிரசவம் பார்த்த பெண் அவள், இப்போது அவளுக்கே பேரப்பிள்ளை.

கொட்டகலை மகள் | புதன், காலை 6.10

அக்கா, நீங்கள் சொன்னதை இரவு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நிரையைப் பற்றிச் சொன்ன இடத்தில், "அந்த மிஸ்ஸிக்குத் தெரியுதுல்ல" என்றார். நான் இதுவரை காசையும் காம்பராவையும் மட்டும்தான் நினைத்தேன்.

அண்ணன் சொன்னபடி பெயரையும் பார்த்தோம். அடையாள அட்டையில் ஒரு விதம், சேமலாப நிதி அட்டையில் ஒரு விதம். கடைசி எழுத்து வேறு.

தலவாக்கலை டீச்சர் | வியாழன், மாலை 5.20

தாமதத்துக்கு மன்னியுங்கள். அம்மாவிடம் ஒரே மூச்சில் கேட்க முடியாது. கொஞ்சம் சொல்வார், அப்புறம் வேறு கதைக்குப் போய்விடுவார். மூன்று நாளில் கேட்டதைச் சேர்த்து எழுதுகிறேன்.

அம்மா கடைசியாகக் கூடையைக் கழற்றிய நாள் எது என்று அம்மாவுக்கே தெரியாது. 1992க்குப் பிறகு ஏழெட்டு வருடம் கைக்காசுக்குப் போயிருக்கிறார். ஒரு நாள் நல்ல மழை. படங்கு நனைந்து, உடம்பெல்லாம் நடுங்கி, பின்னேர நிலுவை முடிந்து வீட்டுக்கு வந்து கூடையை இஸ்தோப்பு ஆணியில், முன் திண்ணையில், மாட்டினார். மறுநாள் எழுந்து நிற்க முழங்கால் விடவில்லை. "நாளைக்குப் போயிக்கலாம்னு நெனச்சேன்" என்றார். அந்த நாளை அடுத்த நாளாகி, அடுத்த வாரமாகி, அப்படியே நின்றுவிட்டது. மாலை இல்லை, பொன்னாடை இல்லை. கங்காணி ஒரு தடவை வந்து விசாரித்தாராம்.

கூடை ஆணியிலேயே இருந்தது. தலைக்கயிறு இற்றுப்போன பிறகு அதில் கோழி அடை வைத்தாராம். மட்டக்கம்பை மட்டும் எறியவில்லை. கொழுந்து மட்டத்தைப் பார்க்க மேலே வைக்கும் அந்த நீளக் கம்பு எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. இத்தனை வருடமாக அதை நான் கொடித் துணி தூக்கும் கம்பு என்றுதான் நினைத்திருக்கிறேன். நடுவில் கை பிடித்த இடம் மட்டும் வழுவழுவென்று பள்ளமாக இருக்கிறது. நேற்று என் கையை அதில் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் கை சின்னது.

தரம் 11 பிள்ளைகள் பற்றி: அதிபரோடு பேசினேன். புதியவர் வரும் வரை கிழமைக்கு இரண்டு நாள் போவேன், காசு வேண்டாம். டீமேக்கர் ஐயா சொன்ன வாசல் காலையையும் விட்டுவிட மாட்டேன், மற்ற நாள்கள் அம்மாவுக்கு. பதிவேட்டில் எனக்குக் கையெழுத்து இல்லை, கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அது கொஞ்சம் உறுத்துகிறது. பழகிவிடும்.

கொட்டகலை மகள், உங்கள் அம்மாவின் பெயர்ச் சிக்கலை விட்டுவிட வேண்டாம். அட்டை இரண்டையும், பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும், பழைய சம்பளத் துண்டு கிடைத்ததையெல்லாமும் எடுத்து வையுங்கள். ஹட்டன் தம்பி சம்மதித்தால் சனிக்கிழமை நானும் உங்களோடு அவரிடம் வருகிறேன். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

படிவம் எழுதுகிறவன் | வியாழன், மாலை 6.00

வாங்க டீச்சர். பத்து மணிக்கு முன்னால் வந்தால் கூட்டம் குறைவு.

கொட்டகலை மகள் | வியாழன், இரவு 9.15

அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். சனிக்கிழமைப் பேரை விட்டுவிடுவாராம். சம்பளத் துண்டுகள் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எண்ணிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை.